இரைப்பையில் குடியிருக்கும் கிருமி



விடியுமுன் பால்மரக் காட்டுக்குச் சென்று, வெயிலேறிய பின்னரே பசியாறும் நம் மக்களுக்கு வயிற்றெரிச்சல் புதியதன்று. ‘காஸ்டிரிக்’ என்று சொல்லிக்கொண்டு, கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, மறுநாளும் உளியோடு புறப்படுகிறோம். நேரந்தவறி உண்பதும் காரமும் கவலையுமே இரைப்பைப் புண்ணுக்குக் காரணம் என மருத்துவர்களும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர்.

1982-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்னும் இரு மருத்துவர்கள், இரைப்பையின் கடும் புளிப்பிலும் மாளாத சுருள்வடிவக் கிருமி ஒன்றை வளர்த்துக் காட்டினர். பலர் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்தார். சில நாள்களில் அவரது இரைப்பை அழற்சியுற்றது. (இத்துணிவை நாம் பின்பற்ற வேண்டியதில்லை!) ஹெலிக்கோபேக்டர் பைலோரி எனப்படும் அக்கிருமிக்காக இருவரும் 2005-இல் நோபெல் பரிசு பெற்றனர். 1994-இலேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் அதனைப் புற்றுநோய்க் காரணிகளுள் சேர்த்துவிட்டது.

பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் புகும் இக்கிருமி, இரைப்பையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. இதன் சில வகைகள் ஊசி போன்ற குழாயால் ‘காக்-ஏ’ என்னும் புரதத்தை உயிரணுவுக்குள் செலுத்துகின்றன. உடனே உயிரணு, பெரட்டு மணி அடித்தாற்போல், ‘இன்டர்லூக்கின்-8’ என்னும் செய்திப் பொருளை வெளிவிடுகிறது. வெள்ளணுக்கள் திரண்டு வந்து போரிடுகின்றன. கிருமியோ எளிதில் சாவதில்லை. புண்படுவது நம் சுவர்தான். உளி மரம்வரை பாய்ந்தால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்வதை நாம் அறிவோம். பல்லாண்டுகள் புண்பட்டு, ஆறி, மீண்டும் புண்படும் இரைப்பையிலும் அவ்வாறே பிழையான உயிரணுக்கள் தோன்றக்கூடும்.

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர் கோ கீன் லீயும் அவர் குழுவினரும் நடத்திய ஆய்வுகளில், மலாய்க்காரரைவிட இந்தியரிடமும் சீனரிடமும் இக்கிருமி மிகுதி எனத் தெரியவந்தது. எனினும் இரைப்பைப் புற்றுநோய் சீனரிடமே அதிகம். ஆகவே கிருமி மட்டும் போதாது. அதன் வகை, மரபு, புகையிலை, உப்பிட்டுப் பதப்படுத்திய உணவு ஆகியவற்றுக்கும் பங்குண்டு. கிருமியுடையோரில் பெரும்பாலோர்க்குப் புற்றுநோய் வருவதேயில்லை.

மூச்சுச் சோதனையால் இதனைக் கண்டறியலாம். மருந்து பொதுவாக 14 நாள்களுக்குத் தரப்படும். நான்காம் நாள் எரிச்சல் அடங்கியதும் நிறுத்திவிடுவோரை நாம் நிறையப் பார்க்கிறோம். எஞ்சிய கிருமிக்குப் பின்னர் அம்மருந்து பலிக்காமல் போகலாம்.

மலம் தார்போல் கறுத்தாலோ, உடல் காரணமின்றி மெலிந்தாலோ, உணவு விழுங்கத் தடைப்பட்டாலோ, பிரிக்பீல்ட்ஸ் ஆயினும் கிள்ளான் ஆயினும் அருகிலுள்ள அரசாங்க மருத்துவரிடம் தாமதமின்றிச் செல்லுங்கள். மூட்டுவலிக்கு விழுங்கும் மாத்திரைகளின் உறையையும் எடுத்துச் செல்லுங்கள். அவற்றாலும் இரைப்பை புண்ணாவதுண்டு.