தைக்காத துணியின் வரலாறு



ரோஷன் அல்காசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். “இப்ராஹிம் அல்காசியின் மனைவியா?” என்று முன்வரிசையில் யாரோ கேட்டது காதில் விழுந்தது. ஆமாம், அவரேதான். 1962 முதல் 1977 வரை தில்லி தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநராக இருந்த அல்காசியை நமக்குத் தெரியும். அவருடைய நாடகங்களில் நடிகர்கள் உடுத்தி வந்தது யார் கைவேலை என்று நாம் கேட்டதுண்டா?

பம்பாயில் நாடகக் குழு நடத்திய பதம்சி குடும்பத்துப் பெண் ரோஷன். வீட்டுக்குள்ளேயே நாடகம். அப்புறம் வாழ்நாளெல்லாம் கணவரின் மேடைக்கு உடை.

1963இல் தில்லி பெரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளுக்கு நடுவே ‘அந்தா யுக்’ நாடகத்தை அல்காசி நடத்தினார். பாரதப் போரின் கடைசி நாளில் தொடங்கும் கதை. அந்தக் கற்சுவருக்கு முன்னால் நம் சரிகை வெல்வெட் ராஜாவை நிறுத்திப் பாருங்கள்! தீட்டிய படுதாவுக்கு எதிரே மின்னுகிற ஜிகினா, நிஜக் கல்லுக்கு எதிரே பல்லிளித்துவிடும். திறந்தவெளி அரங்கில் உடை வடிவமைப்பாளருக்கு ஒளிய இடமே இல்லை.

அந்த வேலையைச் செய்த ரோஷன் சிற்பங்களைப் படித்தார். பண்டைய இந்திய உடைகளைப் பற்றி 1983இல் அவர் வெளியிட்ட நூல், மௌரியர் தொடங்கி ஒவ்வொரு காலத்துச் சிலையிலும் துணி எங்கே கொசுவப்படுகிறது, எங்கே முடிச்சு விழுகிறது என்று காட்டுகிறது. இடுப்பில் அந்தரீயம், தோளில் உத்தரீயம், நடுவே ஒரு கச்சை. மூன்றும் தைக்காத துணி. கட்டும் விதத்திலேயே அரசனும் ஏவலனும் வேறுபடுவார்கள். பிறகு குஷாணர்கள் வருகிறார்கள். மதுராவில் குஷாண மன்னர் கனிஷ்கரின் தலையில்லாத சிலையைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட அங்கி, கனத்த பூட்ஸ். குளிர்நாட்டுக் குதிரைவீரனின் உடுப்பு அது. இதையெல்லாம் அறிந்தவர், எல்லா யுகத்துக்கும் ஒரே கிரீடத்தை மாட்டிவிட மாட்டார். நம் தொலைக்காட்சிப் புராணங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, நீங்களே சிரிக்கிறீர்கள்!

இதே மேடையில் நாளை நாடகம். அழைப்பிதழில் எழுதியவர், இயக்கியவர், நன்கொடை தந்தவர் பெயர்களெல்லாம் இருக்கின்றன. பின்கட்டில் இந்நேரம் ஒருவர் வேட்டிகளுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருக்கிறார். செயலாளர் அவர்களே, நாளை திரை தூக்குமுன் அவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.