காளவாசலில் நடந்து பார்த்தால்

(பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டமொன்றில் நமது மருத்துவமனையின் சமூக நலச் செவிலியர் ஆற்றிய உரை)





நமது ஊழியத்தைத் தாங்கும் அன்பர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "காசநோய்க்கு அரசாங்கமே இலவசமாக மருந்து கொடுக்கிறது. சத்துணவுக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயும் நோயாளியின் வங்கிக் கணக்கிலேயே போடுகிறது. பிறகு எங்கள் காணிக்கை எதற்கு?" நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு உங்களைக் காளவாசல் வரை அழைத்துப்போக விரும்புகிறேன்.

காளவாசல் என்றால் செங்கல், சுண்ணாம்பு சுடுகிற சூளை. இன்று அந்த இடத்தில் நின்றால் சூளை நினைவுக்கு வராது. தேனிச் சாலையும் பைபாஸ் சாலையும் சந்திக்கும் இடத்தில், 2020-ல் திறந்த மேம்பாலம்தான் கண்ணில் படும். ஆரப்பாளையத்திலிருந்து தேனிப் பக்கம் போகும் பேருந்துகள் இவ்வழியே போகின்றன. பேருந்தில் போகிறவர்களுக்குக் கடைகளும் பெயர்ப்பலகைகளும் தெரியும். இறங்கி நடப்பவர்களுக்குத்தான் மனிதர்கள் தெரிவார்கள்.

கிழக்கே நடந்தால் அரசரடி. மத்திய சிறைச்சாலையும், 1969-ல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் அந்தப் பகுதியில்தான் பெயர் பெற்றவை. தெற்கே எஸ்.எஸ். காலனி, பொன்மேனி. வடமேற்கே போனால் பெத்தானியாபுரம். லாசரு வியாதியாய்க் கிடந்த பெத்தானியாவை நினைப்பூட்டும் பெயர் அல்லவா! அங்கிருந்து இரண்டு சகோதரிகள் ஆண்டவருக்கு ஆளனுப்பினார்கள். அவரும் நடந்தே போய்ச் சேர்ந்தார்.

விடியற்காலையில் இந்தச் சந்துகளில் நடந்தால் பாங்கொலி, கோயில் ஒலிபெருக்கி, ஆலய மணி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் விழும். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள், மில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர்கள், இந்தி பேசும் கட்டடத் தொழிலாளர் என்று பலரும் ஒரே குழாயடியில் வரிசையில் நிற்பார்கள். இருமலுக்கு மட்டும் சாதியும் இல்லை, மதமும் இல்லை, மொழியும் இல்லை.

நடந்ததில் நாங்கள் கற்றுக்கொண்டவை மூன்று.

முதலாவது, நேரம். ஏழு மணிக்கெல்லாம் கூலி வேலைக்குப் புறப்படுகிறவருக்கு, எட்டு மணிக்குத் திறக்கும் புறநோயாளிப் பிரிவு எட்டாத தூரம். ஒரு நாள் மருத்துவமனைக்கு வந்தால் அன்றையக் கூலி போயிற்று. ஆகவே சாயங்காலத்தில், அவர்கள் வீடு திரும்பும் வேளையில் நாங்கள் போகிறோம்.

இரண்டாவது, வாசல். வெள்ளைச் சேலையோடு ஒரு வீட்டு வாசலில் நின்றால் தெருவே திரும்பிப் பார்க்கும். வாடகை வீட்டுக்காரர் காதுக்குச் செய்தி போகும். "சிஸ்டர், நீங்க வீட்டுக்கு வராதீங்க, முக்குல நில்லுங்க, நானே வாரேன்" என்று சொன்னவர்கள் உண்டு. முக்கில் நிற்பதும் ஊழியம்தான்.

மூன்றாவது, இரண்டாம் மாதம். காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். ஆனால் சில வாரங்களிலேயே இருமல் குறையும், பசி எடுக்கும், உடம்பு தேறும். "எனக்குத்தான் சுகமாயிற்றே" என்று நிறுத்திவிடுவார்கள். கிருமி முழுவதும் சாகாமல் நிறுத்தினால் நோய் மீண்டும் வரும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாகவும் மாறலாம். அதைக் குணமாக்குவது மிகவும் கடினம்.

இட்லிக் கடை போட்டு மூன்று பிள்ளைகளைக் காப்பாற்றும் ஒரு தாயைச் சொல்லுகிறேன். இரண்டாம் மாத முடிவில் அவர் மருந்தை நிறுத்திவிட்டார். நேரில் போய்ப் பேசினபோதுதான் காரணம் தெரிந்தது. "மாத்திரை டப்பாவை யாராச்சும் பாத்துட்டா நாளைக்கு ஒரு இட்லி விக்காதுக்கா" என்றார். அவருக்குப் பயம் நோயைப் பற்றியல்ல, அடுப்பு அணைந்துவிடுமோ என்பதைப் பற்றி. ஒழுங்காக மருந்து சாப்பிட ஆரம்பித்த சில வாரங்களில் பெரும்பாலும் பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும், மருந்தை நிறுத்தினால்தான் பிள்ளைகளுக்கே ஆபத்து என்று எடுத்துச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். மருத்துவரின் ஆலோசனைப்படி மறுபடியும் பரிசோதனை செய்து மருந்தைத் தொடங்கினார். இப்போது வாரம் இருமுறை, கடை மூடின பிறகு, எங்கள் ஊழியர் ஒருவர் போய்ப் பார்த்து வருகிறார். அவருக்கு இன்னும் இரண்டு மாதம் மீதி இருக்கிறது. உங்கள் ஜெபத்தில் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்பானவர்களே, மாத்திரை இலவசம். ஆனால் அந்தப் பயத்தைக் கேட்டறிய ஒருவர் நடந்துபோக வேண்டும். திரும்பத் திரும்பப் போக வேண்டும். அந்த நடைக்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளமும் பேருந்துக் கட்டணமும் வேண்டும். உங்கள் காணிக்கை அங்கேதான் போய்ச் சேருகிறது.

மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் எரிகோவின் வழியருகே பர்திமேயு கூப்பிடுகிறான். கூட்டத்தார் அவனைப் பேசாதிருக்கும்படி அதட்டுகிறார்கள். நம் ஆண்டவரோ நடையை நிறுத்தி, அவனுக்கு என்ன வேண்டுமென்று அவனையே கேட்கிறார். கேட்ட பிறகே சுகமாக்குகிறார். நாங்களும் அந்த வரிசையைத்தான் பின்பற்றுகிறோம்.

ஒரு சிறு விண்ணப்பம். உங்கள் தெருவிலும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் இருக்கலாம். அவரை ஒதுக்காமல், சளிப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். காணிக்கை கொடுக்கும் கைகளோடு, நடக்கும் கால்களையும் கர்த்தர் உங்களுக்குத் தந்திருக்கிறார்.

கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.