கணக்கைக் கும்பிடுவதா, படிப்பதா?



கல்வி ஸ்தாபனங்கள் ஏன் கடனில் மூழ்குகின்றன, அதை முன்கூட்டியே தடுப்பது எப்படி என்பதுதான் நான் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம். நான் சர்வகலாசாலையில் படித்தவனல்ல. ஆனால் கூட்டவும் கழிக்கவும் தெரியும். இவ்விஷயத்துக்கு அதற்குமேல் அதிகம் வேண்டியதில்லை.

வருஷத்துக்கொரு முறை சரஸ்வதி பூஜை என்று கணக்குப் புத்தகத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மூடிவைத்துக் கும்பிடுகிறோம். திறந்து பார்க்க வேண்டிய புத்தகத்தை மூடிவைத்துக் கும்பிட்டால் கடன் தீருமா? ஒரு வீடு இப்புத்தியால் கெட்டால் ஒரு குடும்பம் கெடும். ஒரு சர்வகலாசாலை கெட்டால்?

சிதம்பரத்தைப் பாருங்கள். அண்ணாமலை சர்வகலாசாலை 1929-ல் ஏற்பட்டது. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் தமது கல்லூரிகளையும் 20 லக்ஷம் ரூபாயையும் அதற்குக் கொடுத்தார். நல்ல காரியந்தான், குறை கூறவில்லை. ஆனால் தர்மத்தில் பிறந்தது தர்மத்தாலேயே பிழைத்துக்கொள்ளுமா? 2012-ல் பணமுடை வெளிப்பட்டது. அப்போது அங்கே வேலை பார்த்தவர்கள் 12,000 பேருக்கு மேல். ஆட்குறைப்பு, சம்பளக் குறைப்பு என்ற பேச்சு எழுந்ததும் ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2013-ல் அரசாங்கம் நிர்வாகி ஒருவரை நியமித்து, புதுச் சட்டமும் செய்து, ஸ்தாபனத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. உபரியென்று கண்ட ஆயிரக்கணக்கான பேரை வேறு கல்லூரிகளுக்கும் ஆபீசுகளுக்கும் மாற்ற வேண்டியதாயிற்று.

இது தலைவிதியா? இல்லவேயில்லை. ஓர் ஆளை வேலைக்கு வைக்கும் அன்றே அவருடைய 30 வருஷச் சம்பளமும், பிறகு பென்ஷனும் கடனாக ஏறிவிடுகின்றன. வரும்படியோ வருஷத்துக்கு வருஷம் மாறக்கூடியது. இந்த ஒரு கணக்கைப் பார்க்காதவனைக் காப்பாற்ற எந்தக் கிரகத்தாலும் ஆகாது.

நிற்க, வரும்படியைப் பார்ப்போம். தொலைதூரக் கல்வி அந்த ஸ்தாபனத்துக்குப் பெரிய வரும்படி. 2022-ல் யு.ஜி.சி., அதற்கு 2014-15 வரையில்தான் அங்கீகாரம், பிறகு அனுமதியின்றி நடத்தியது செல்லாது என்று அறிவித்தது. ஒற்றை மாட்டை நம்பி ஏர் பூட்டினால் நடுவயலில் நிற்க வேண்டியதுதான். ஆனால் நின்றது யார்? பகலில் வேலை பார்த்து இரவில் படித்த ஏழையல்லவா, இது செல்லுமா என்று பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்!

இன்னொன்று கேளுங்கள். அரசாங்கம் எடுத்துக்கொண்ட பின்னும் அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு வருஷத்துக்கு 5,44,000 ரூபாய் வாங்கினார்கள். மற்ற அரசாங்கக் கல்லூரிகளில் 13,610 ரூபாய்தான். ஏறக்குறைய 40 மடங்கு! மாணவர்கள் 2020 டிசம்பர் முதல் வாரக்கணக்காகப் போராடிய பிறகே, 2021-ல் அக்கல்லூரி சுகாதார இலாகாவுக்கு மாறி, கட்டணமும் குறைந்தது.

தோழர்களே! மனுதர்மம் “நீ சூத்திரன், படிக்காதே” என்றது. நஷ்டப்பட்ட ஸ்தாபனம் “நீ ஏழை, படிக்காதே” என்கிறது. சொல்லும் வாய் வேறானாலும் மூடப்படும் கதவு ஒன்றே. நம் வீடுகளிலிருந்து முதல் முதல் படிக்கப் போகும் பிள்ளைதான் வெளியே நிற்கிறது. ஆதலால் கல்லூரியின் கணக்கு எஜமானர்களின் சொந்த விஷயமல்ல. நம் மானத்தைப் பற்றிய விஷயம்.

பரிகாரம் யாகமல்ல. வரவு செலவை வெளியாள் தணிக்கை செய்து ஊரறிய அச்சிட வேண்டும். பென்ஷன் பணம் வேறெதற்கும் தொடாத தனி நிதியாக இருக்க வேண்டும். எந்த ஒரு வரும்படி நின்றாலும் ஒரு வருஷமாவது தாக்குப்பிடிக்கச் சேமிப்பு வேண்டும். அனுமதி கைக்கு வராத படிப்பில் ஒரு பிள்ளையைக்கூடச் சேர்க்கக் கூடாது.

ஆகவே, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகும்போது பஞ்சாங்கத்தைப் பார்க்காதீர்கள். அங்கீகாரக் கடிதத்தைக் கேளுங்கள். தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். காட்ட மறுத்தால் ஏனென்று கேளுங்கள் என்று சொல்லி, என் வார்த்தையை முடித்துக்கொள்ளுகிறேன்.