வாசற்படியும் ஒரு கடையே



கொழும்புக் கொம்பனித்தெருவின் ஒழுங்கைகளில் தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் சிங்களவரும் தலைமுறைகளாகக் கூடி வாழ்ந்தனர். 2010-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே மியூஸ் வீதி வீடுகள் இடிக்கப்பட்டன. பின்னர் நகரின் பல தோட்டங்கள் அகற்றப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்தன.

மாடிவீடு தீதென்று நான் கூறவில்லை. ஒழுகுங் கூரைக்கு எவர் ஆசைப்படுவர்? ஆயின், வாசலில் இடியப்பம் விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்த தாய், பன்னிரண்டாம் மாடியில் யாருக்கு விற்பாள்? வயலைப் பறித்துவிட்டு உழவனுக்குக் கல்வீடு கொடுத்தாற் போதுமா?

உறுதியுள்ளவர் 1950-ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டப்படி நட்டஈடு கோரலாம். உறுதியற்றவர் கையிலிருப்பவை வரிப் பற்றுச்சீட்டும் மின்கட்டணச் சீட்டுமே. அவற்றின் மூலத்தை எவரிடமும் ஒப்படைக்கலாகாது. புதிய வீட்டின் உறுதி யார் பெயரில், எப்போது, கீழ்த்தளத்திற் கடைக்கு இடமுண்டா என்பவற்றை எழுத்தில் வாங்குமுன் திறவுகோலைக் கொடாதீர்கள்.

சட்டந் தெரிந்த நண்பர்களே, மாதம் ஒரு ஞாயிறு அவ்வொழுங்கைகளுக்கு வாருங்கள். எழுதவேண்டிய மனுக்கள் இருக்கின்றன.