பெண்ணாடம்: பெரியவர் யார், சின்னவர் யார்?

இன்னைக்கு நாம பேசப்போற ஊர் பெண்ணாடம். கடலூர் மாவட்டம், திட்டக்குடி வட்டம். சென்னையிலிருந்து திருச்சிக்கு ரயில்ல போறவங்க, விருத்தாசலம் தாண்டினதும் இந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீங்க.

பழைய பெயர் பெண்ணாகடம். பெண்கள், பசுவாகிய ‘ஆ’, யானையாகிய ‘கடம்’ மூணு பேரும் வழிபட்ட இடம் என்று தலபுராணம் விளக்கம் சொல்லுது. கோயிலுக்குப் பெயர் திருத்தூங்கானை மாடம். கருவறை விமானத்தின் பின்பக்கம் வளைஞ்சு, படுத்திருக்கும் யானையோட முதுகு மாதிரி இருக்கும். சுவாமி பெயர் பிரளயகாலேஸ்வரர். வெள்ளாற்றங்கரைப் பகுதி இது. அதனாலதானோ என்னவோ, ஊர்க்கதையிலும் வெள்ளம் வருது. அந்த வெள்ளத்தைத் தடுக்க நந்தி வாசலைப் பார்த்துத் திரும்பிக்கிட்டாராம்.

இந்த ஊரோட குணம் அதன் கதைகளில் இருக்கு. யார் உயர்ந்தவர், யார் தாழ்ந்தவர் என்ற கணக்கு இங்கே மாறிக்கிட்டே இருக்கும்.

மெய்கண்டாரை எடுத்துக்குங்க. 13ஆம் நூற்றாண்டு. பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளரின் பிள்ளை, வளர்ந்தது திருவெண்ணெய்நல்லூரில். அவர் தந்த சிவஞானபோதம் வெறும் 12 நூற்பா, 40 அடி. சைவ சித்தாந்தத்துக்கே அதுதான் அடிப்படை. குடும்பத்தின் குலகுரு, சகல ஆகமமும் படிச்ச பண்டிதர், இந்தச் சிறுபிள்ளையைச் சோதிக்க வந்தார். “ஆணவம் எப்படி இருக்கும்?” என்று கேட்டார். பிள்ளை பதில் சொல்லல. அவரையே மேலும் கீழும் பார்த்தது. கேட்டவருக்குப் புரிஞ்சுபோச்சு. குரு, சீடர் ஆனார். அவர்தான் சிவஞான சித்தியார் எழுதிய அருணந்தி சிவாசாரியார்.

இன்னொரு கதை கலிக்கம்ப நாயனாருடையது. பெரியபுராணம் சொல்றது. அவர் வணிகர், வர்ற அடியார்களுக்குக் கால் கழுவி அமுது படைப்பவர். ஒருநாள் வந்தவர்களில் ஒருத்தர், முன்னாடி அவங்க வீட்டிலேயே வேலை செய்தவர். கலிக்கம்பருக்கு அவர் அடியார், அவ்வளவுதான். தண்ணீர் ஊத்த வேண்டிய மனைவி ஒரு கணம் தயங்கினாங்க. நாயனார் அந்தக் கையை வெட்டிட்டு, தானே தண்ணீர் ஊற்றி வழிபாட்டை முடிச்சார்.

இதைப் பக்தியின் உச்சம்னு சொல்லிட்டுக் கடந்து போறது சுலபம். ஆனா கொஞ்சம் நின்னு யோசிக்கணும். வேலைக்காரரும் கும்பிடத்தக்கவர் என்பது அந்தக் காலத்துக்கு எவ்வளவு பெரிய சொல்! அதுக்கு விலை கொடுத்தது யார்? ஊர் முழுக்க இருந்த ஒரு தயக்கத்துக்கு, ஒரு பெண்ணோட கை போச்சு. பெயரிலேயே பெண்ணை வச்சிருக்கிற ஊரில்! முதல் கதையில் ஒரு பார்வையே ஆணவத்தை அடக்கிடுச்சு. இரண்டாவதில் கத்தி தேவைப்பட்டது. இரண்டும் ஒரே ஊர்க் கதைதான். இரண்டையும் சேர்த்துச் சொன்னாத்தான் பெண்ணாடத்தை முழுசா சொன்னதாகும்.

அந்தப் பக்கம் போனீங்கன்னா ஒரு வேளை இறங்கிப் பாருங்க. விமானத்தின் பின்பக்கம் வரைக்கும் சுத்தி வாங்க. தூங்கும் யானை அங்கிருந்துதான் தெரியும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.