கடையும் கல்லாச் சாவியும்
(அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு, நமுனுகுல)



பதுளைக் கடைவீதியில் ஒரு முதலாளியை எனக்குத் தெரியும். கடையை மகன் பெயருக்கு எழுதினார். கல்லாச் சாவியை மட்டும் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டார். நாற்பது வயதிலும் அந்த மகன் ஒரு மூட்டைச் சீனிக்கு விலை சொல்ல அப்பாவின் முகத்தைப் பார்த்தார். சொத்து கைமாறியது, முடிவெடுக்கும் உரிமை மாறவில்லை. அந்தக் கடையில் புதிதாக எதுவும் நடக்கவில்லை.

இனி வேறொரு குடும்பம். இலங்கைத் தேயிலை மொத்தமாகக் கப்பலேறி, பிற நாட்டில் கலக்கப்பட்டு, வேறு பெயரில் விற்பனையான காலம். விளைந்த நாட்டிலேயே பொதிகட்டி விற்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர், தேயிலை ருசிபார்ப்பவராகத் தொழில் பழகிய மெரில் பெர்னாண்டோ. 1985இல் டில்ஹான், மலிக் என்ற தம் பிள்ளைகளின் பெயர்களைச் சேர்த்துத் தம் தேயிலைக்கு 'டில்மா' என்று பெயரிட்டார். அந்தப் பிள்ளைகள் பெயர்ப்பலகையோடு நிற்கவில்லை. 2005இல் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத் துரைமார் பங்களாக்கள் 'சிலோன் டீ டிரெய்ல்ஸ்' என்ற விருந்தினர் விடுதிகளாயின. தந்தை மறைந்தது 2023இல். அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே தேயிலைக் குடும்பம் விடுதித் தொழிலில் கால்வைத்துவிட்டது.

கடல் தாண்டியும் ஒரு சான்று உண்டு. செட்டிநாட்டு முருகப்பா குடும்பம் 1900இல் பர்மாவில் லேவாதேவியோடு தொடங்கியது. அங்கிருந்து தொழிலைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த அந்தக் குடும்பம், 1949இல் சைக்கிள் நிறுவனம் தொடங்கியது. பாட்டனின் கணக்குப் பழக்கம் தொடர்ந்தது. பாட்டனின் தொழிலையே செய்ய வேண்டும் என்ற கட்டாயம் தொடரவில்லை.

நம் மலைக்கு வருவோம். 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளிடம் போனது. துரைமார் மாறினார்கள், கூடை சுமந்த குடும்பங்கள் மாறவில்லை. கச்சான் காற்று வறண்டு வீசும் மாதங்களில் ஊவாக் கொழுந்துக்கு மணம் கூடும். அந்தக் கொழுந்தைப் பார்த்துக் கிள்ளும் பக்குவத்தைத் தாய் மகளுக்குக் கொடுத்தாள். எந்த மலையில் எப்போது கொழுந்து எடுப்பது என்று சொல்லும் உரிமை மட்டும், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், அவளிடம் வரவேயில்லை. இலங்கைத் தேயிலையில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் இன்று சிறுதோட்டக்காரர் காணியில் விளைகிறது. தோட்டத் தொழிலாளரான நம்மவருக்குப் பேசப்பட்டதோ, வீடு கட்ட 7 பேர்ச் நிலம். தலைமுறை தலைமுறையாகத் தொழில் தெரிந்தும் நாம் புதுமை செய்யவில்லை என்பவர்கள், சாவி யார் இடுப்பில் இருந்தது என்று முதலில் கேட்கட்டும்.

கடை வைத்திருப்போருக்கு ஒரு சொல். சாவியை நீங்கள் இருக்கும்போதே மகனுக்கோ மகளுக்கோ கொடுங்கள். பிள்ளை தப்புக்கணக்குப் போடத்தான் செய்யும். அதைத் திருத்திக்கொள்ளக் கேட்டால், பதில் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள்.