தகரப் பேணியில் இருந்த காசு

(வானொலி இலக்கிய நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)



பழைய செப்புக் காசொன்றை வாங்கப் போய் நான் ஏமாந்த கதையை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். இலக்கிய நிகழ்ச்சியில் காசுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காசும் ஒரு நூல்தான். அதிலும் எழுத்து உண்டு, பாடபேதம் உண்டு, இடைச்செருகலும் உண்டு.

என் தந்தையார் வலிகாமத்திலே ஆசிரியராக இருந்தவர். ஒரு மாரி காலத்தில் பனங்காணிக்குள் ஒரு காசைக் கண்டெடுத்தார். ஒரு புறம் நிற்கும் மனித உருவம். மறு புறம் படுத்திருக்கும் நந்தி, அதன் கீழே தமிழில் 'சேது' என்ற இரண்டெழுத்து. நாங்கள் வெள்ளவத்தைக்கு வந்தபோது அந்தக் காசும் ஒரு சிகரெட் பேணிக்குள் எங்களோடு வந்தது. 1983 ஜூலையில் வீடு எரிந்தபோது பேணியும் போயிற்று. தந்தையார் வீட்டைப் பற்றி அதிகம் கதைத்ததில்லை. காசைப் பற்றி மட்டும் இரண்டொரு தடவை கேட்டார்.

சேதுக் காசுகள் இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை என்று கருதியோர் முன்பு இருந்தனர். அவை யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுடையவை என்பதை 1920ஆம் ஆண்டளவில் சுவாமி ஞானப்பிரகாசர் எடுத்துக்காட்டினார். 1926இல் முதலியார் இராசநாயகத்தின் 'பண்டைய யாழ்ப்பாணம்' என்ற ஆங்கில நூலும் வெளிவந்தது. நாணயம் ஒரு அரசின் இருப்புக்கே சாட்சி சொல்வதென்றால், போலி நாணயம் பொய்ச்சாட்சி அல்லவா?

இரண்டு வருடங்களுக்கு முன் என் பேரன் கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து, "தாத்தா, நீங்கள் சொல்லும் காசு விற்பனைக்கு வந்திருக்கு" என்றான். படத்தில் அதே நந்தி! யோசிக்காமல் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய் அனுப்பினேன். பார்சலும் வந்தது. பேரனையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே, செட்டியார் தெருவில் நெடுங்காலம் நகை வேலை பார்த்து ஓய்ந்த பத்தர் ஐயா ஒருவர் இருக்கிறார்.

அவர் முதலில் தராசில் வைத்தார். மூன்று கிராமுக்கும் குறைவு. இந்த வகைப் பெரிய காசு சுமார் நான்கு கிராம் இருக்கவேண்டும். பிறகு பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார்.

"மாஸ்டர், இது அடிச்ச காசில்லை, வார்த்த காசு. விளிம்பைப் பாருங்கோ, அச்சு ரெண்டும் பொருந்தின கோடு தெரியுது. காத்துக் குமிழி விழுந்த குழியளையும் பாருங்கோ. எழுத்து சவர்க்காரம் கரைஞ்ச மாதிரிக் கிடக்கு."

நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் பஞ்சைத் தோய்த்துத் துடைத்தார். பல நூற்றாண்டுக் களிம்பு என்று நான் நம்பிய பச்சை நிறம் பஞ்சோடு வந்துவிட்டது. உண்மையான களிம்பு செம்போடு செம்பாக ஊறிப் போயிருக்கும். அவ்வளவு எளிதில் கழன்று வராது.

அன்று முதல் நான் மாணவனானேன். விலையைப் பற்றியும் சில பாடங்கள் கற்றேன். விற்பவர் கேட்கும் விலை விலையல்ல. ஏலத்தில் வாங்கியவர் உண்மையில் கொடுத்ததே விலை. 'அரியது' என்ற சொல்லையும் அப்படியே நம்பக்கூடாது. 1153 முதல் 1186 வரை ஆண்ட பராக்கிரமபாகுவின் செப்புக் காசுகள் பெருந்தொகையாகக் கிடைத்தவை. ஓராண்டுகூட ஆளாத சோடகங்கனின் காசோ அரிது. பழமை வேறு, அருமை வேறு. பளபளவென்று தேய்த்து மினுக்கிய காசுக்கு மதிப்புக் குறையும் என்பதும் எனக்குப் புதிய செய்தி. இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே வடு இருந்தால், அவை ஒரே தாயின் வார்ப்புப் பிள்ளைகள் என்று ஐயுறவேண்டும். படத்தில் காணும் காசுதான் வந்து சேரும் என்பதற்கும் உத்தரவாதமில்லை.

கலித்தொகையை 1887இல் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையை இந்த இடத்தில் நினைத்தேன். ஓர் ஏட்டை மட்டும் நம்பாமல் பல ஏடுகளை ஒப்பிட்டவர் அவர். ஏடு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பதிப்பாசிரியருக்கு எவ்வளவு முக்கியமோ, காசு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் அவ்வளவு முக்கியம்.

அந்தக் கேள்விதான் சென்ற ஆண்டு எனக்குச் சோதனையாக வந்தது. வேறொருவர் ஒரு சேதுக் காசை விற்க முன்வந்தார். நிறை சரி. விளிம்பிலே கோடில்லை. எழுத்துக் கூர்மை. படங்களைப் பார்த்த பத்தர் ஐயாவும், "கையிலை பார்க்காமல் சொல்லேலாது, ஆனால் நல்லதாத்தான் தெரியுது" என்றார். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் நந்தியின் கால்களுக்கிடையே ஈரச் செம்மண் ஒட்டியிருந்தது. எங்கே கிடைத்தது என்று எழுதிக் கேட்டேன். "யாழ்ப்பாணத்தில் இப்போதுதான் எடுத்தது. இன்னும் இருக்கிறது. எத்தனை வேண்டும்?" என்று பதில் வந்தது.

தோண்டி எடுத்த இடமும் ஆழமும், கூடக் கிடைத்த ஓடும் மணியும் தெரியாமற் போனால், அந்தக் காசு சொல்லவந்த சாட்சியத்திற் பாதி மண்ணோடு போய்விடும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருளியல் கட்டளைச் சட்டப்படி, கண்டெடுத்த தொல்பொருளை அறிவிக்கவேண்டும். அனுமதிப்பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே அனுப்பவும் கூடாது. என் தந்தையார் எடுத்ததும் அப்படி ஒரு காசுதானே என்று மனம் வாதாடியது. அதற்கு என்னிடம் விடையில்லை. அவர் ஒன்றை எடுத்தார். இவர்கள் ஒரு காணியையே கிளறுகிறார்கள் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது முழுச் சமாதானமல்ல.

நான் அந்தக் காசை வாங்கவில்லை. வாங்கியிருந்தாலும் அது தந்தையாரின் காசாக இருந்திருக்காது.

பேரனைக் கோட்டையிலுள்ள மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலைக்கு அழைத்துச் சென்றேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பழைய செப்புக் காசுகளை அவன் நீண்ட நேரம் பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் என் போலிக் காசைக் கேட்டான். கொடுத்தேன். அதை ஒரு தகரப் பேணியில் போட்டு, மேலே ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி, 'வார்த்தது. தாத்தா வாங்கியது' என்று எழுதி வைத்திருக்கிறான்.

காசு பொய், குறிப்பு மெய். நாளை எவர் கையில் அது கிடைத்தாலும், அவர் ஏமாறமாட்டார்.